லொரேன் பாட்டின் நாற்பத்தொரு விநாடிகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டாம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து மாக்கிரட்டின் வாய் அவளுடைய சொல் கேட்பதில்லை. உலகத்தின் எந்த மூலையிலாவது நாலு பேர் கேட்கும்படி ‘லீவ் த லைட், லொரேன்’ என்ற ஆங்கிலப் பாட்டு ஒலித்தால் போதும். இரண்டாம் சரணம் முடியும் கணத்தில், மொன்றியலின் வில்லரேயில் குடியிருக்கும் மாக்கிரட்டின் வாய் தானாகத் திறந்து, அந்தப் பாட்டின் கடைசியில் வரும் பெண்குரலை நாற்பத்தொரு விநாடி பாடிவிட்டு மூடிக்கொள்ளும். முதல் தடவை அது நடந்தபோது அவள் ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலியனின் கடையில் தக்காளி தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அன்று தக்காளி பெட்டி ஐந்து டொலர், வெண்டிக்காய் றாத்தல் இரண்டு டொலர். கடைக்காரன் அவள் சந்தோஷத்தில் பாடுவதாக நினைத்துக் கைதட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டாள். அன்றைக்கே இன்னும் ஆறு தடவை வாய் திறந்தது. கோடை முடிவதற்குள் பாட்டு கனடாவில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஒருமுறை பூசையில் நற்கருணை வாங்க நின்றபோது பாட்டு வந்துவிட, சுவாமியார் அப்பத்தைக் கையில் பிடித்தபடி முடியும்வரை பொறுத்திருந்தார். நாளடைவில் கோயில் சனத்துக்கு அது பழகிப்போயிற்று. சிலருக்குத் தும்மல் அதிகம், மாக்கிரட்டுக்கு இது என்று விட்டுவிட்டார்கள்.

பெயர்பெற்ற பாட்டு என்றால் அதன் பின்னால் ஒரு கதை இருந்தாக வேண்டும் என்று உலகம் அடம்பிடிக்கிறது. லொரேன் பாட்டின் பெண்குரலுக்கு மட்டும் ஒன்பது கதைகள் இருந்தன. அது மனிதக் குரலே இல்லை, யப்பானிய இயந்திரம் ஒன்று என்றது ஓர் இசைப் பத்திரிகை. பல்கேரிய இடைச்சி ஒருத்தி என்றது இன்னொன்று. மாக்கிரட்டின் மேல்மாடியில் குடியிருந்த றெனோல்ட், ஞாயிறு பிற்பகல்களில் தமிழ் வானொலியில் ‘பாட்டுப் பிறந்த கதை’ என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினான். பழைய ஆங்கிலப் பாட்டுகளை எந்தச் சோகத்தில் யார் எழுதினார்கள் என்று தொண்டை அடைக்கச் சொல்லுவான். அரைவாசி அவனுடைய சொந்தச் சரக்கு. தொண்ணூற்றைந்தில் ஒரு ஞாயிறு, லொரேன் பாட்டின் குரல் காதலனை மறந்து மடத்தில் சேர்ந்த கன்னியாஸ்திரி ஒருத்தியுடையது என்று அவன் அளந்தது ஒலிபரப்பாயிற்று. வெள்ளிக்கிழமையே பதிவு செய்த நிகழ்ச்சி என்பதால், தன் பேச்சைத் தானே ரசித்தபடி அவன் வீட்டில் இருந்தான். பாட்டின் கடைசிப் பகுதி வந்தது. வானொலியில் வருவதற்கு அரை விநாடி முந்தி, அதே குரல் காலுக்குக் கீழே தரைப்பலகை வழியாக வந்தது. படியிறங்கி ஓடிப்போய்ப் பார்த்தால், மாக்கிரட் வெங்காயம் வெட்டிக்கொண்டே, வாய் வேறு யாருடையதோ என்பதுபோல் திறந்திருக்க, பாடிக்கொண்டிருந்தாள். பாடி முடித்ததும் அவனை நிமிர்ந்து பார்த்தாள். “கன்னியாஸ்திரியும் இல்லை, ஒண்டும் இல்லை. இரு, தேத்தண்ணி போடுறன்” என்றாள்.

நடந்தது இதுதான். மாக்கிரட் மன்னார் பேசாலையிலிருந்து எண்பத்தாறாம் ஆண்டு வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையோடு வந்தவள். கணவன் அருமைநாதன் கடற்றொழிலாளி. ஒரு வருடத்தில் பின்னால் வருவதாகப் பேச்சு. மகள் ஜென்சி இங்கே பிறந்தாள். மாக்கிரட்டுக்குக் காலையில் சந்தை வேலை, பிற்பகலில் பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் துப்புரவு வேலை. எண்பத்தெட்டாம் ஆண்டு தவக்காலத்து வெள்ளி ஒன்றில் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. அருமைநாதனும் மூன்று பேரும் போன வள்ளம் தலைமன்னாருக்கு அப்பால் காணாமல் போய் ஒன்பது நாள், உடல் எதுவும் கரை ஒதுங்கவில்லை. அவளுக்கு அழுவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. வீட்டில் மூன்று குடும்பம். எனவே வேலைக்குப் போனாள். அந்தக் கட்டடத்தின் பின்படிக்கட்டில் யாரும் நடமாடுவதில்லை. நடுப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, புருஷன் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள்.

யாரும் அந்தப் படிக்கட்டில் நடமாடாததற்குக் காரணம் இருந்தது. பாடுகிறவரின் குரலுக்கு எதிரொலி வேண்டுமென்றால், கூடத்துக்காரர்கள் அந்தக் குரலைப் படிக்கட்டில் ஒலிக்கவிட்டு, நாலு மாடியிலும் மோதி வருவதை ஓர் ஒலிவாங்கியால் பிடித்துச் சேர்ப்பார்கள். அன்று கீழ்ப்படியில் இருந்த ஒலிவாங்கி திறந்திருந்தது. மேலே வேர்னா கிட்டன்ஸ் என்ற கறுப்பினப் பாடகி, போகிறவளை விளக்கை அணைக்காமல் போகச் சொல்லிக் கெஞ்சும் அந்தப் பாட்டைப் பதினேழாம் தடவையாகப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணம் முடிந்ததும் அவளுடைய காதுக்குள் தன் எதிரொலிக்குப் பதிலாக இன்னொருத்தியின் அழுகை வந்தது. அவள் பாடுவதை நிறுத்தி, பதிவை நிறுத்தவேண்டாம் என்று கையால் காட்டினாள். ஒலிப்பதிவாளர் கஸ்தோன் நாடாவை ஓடவிட்டார். நாலு மாடி எதிரொலியில் சொல் எல்லாம் கரைந்து, எந்த மொழி என்றே பிடிபடாத ஓர் இழுவை மட்டும் மிஞ்சியது. பிறகு மாக்கிரட்டே கேட்டும் தன் சொற்களை அதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேசாலையில் அவளுடைய தெருவில் ஒரு வழக்கம். ஒப்பாரியைத் தொடங்குவது செத்தவனின் பெண்சாதி. முடிப்பது அவள் அல்ல. இன்னொரு பெண் வந்து அவள் கையைப் பிடித்து, “போதும், ஆண்டவரிட்டை விடு” என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அழுகை நிற்கும், போனவரும் போவார். அதனால்தான் அங்கே யாரும் தனியாக ஒப்பாரி வைப்பதில்லை. மாக்கிரட் வைத்தாள். கையைப் பிடிக்க யாரும் வரவில்லை. வேலை முடியும் மணி அடித்தது, பிள்ளையை எடுக்க ஓடினாள். மேலே கஸ்தோன் அந்தக் காலத்துப் பாட்டுகளுக்கு எல்லோரும் செய்வதைச் செய்தார். பாட்டை முடிக்காமல், குமிழைத் திருகி ஒலியைத் தாழ்த்திக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் ஆக்கினார். ஒப்பாரி நாற்பத்தொரு விநாடியில் கரைந்தது, ஆனால் முடியவில்லை. அந்த நிலையிலேயே அது பத்து லட்சம் இசைத்தட்டுகளில் ஏறி ஊர் ஊராகப் போயிற்று.

அருமைநாதனும் அதோடு போனார். முதலில் அவரைக் கண்டது லவாலில் ஒரு பிரெஞ்சுக் கலியாண வீட்டில். லொரேன் பாட்டுக்குச் சோடி சோடியாக ஆடிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் நீலச் சாரமும் வெறுங்காலுமாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஒரு மனிதர் ஆடுகிறவர்களுக்கிடையில் நடந்து ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் குனிந்து பார்த்தார். ஒருவரையும் தொடவில்லை. பாட்டின் ஒலி தாழத் தாழ அவரும் மங்கி, அது நின்றபோது இல்லாமல் போனார். தரையில் தேங்கிய தண்ணீரை யாரோ நக்கிப் பார்த்து உப்பு என்றார்கள். பிறகு கிளாஸ்கோ, மணிலா, சாவோ பாவுலோ என்று எல்லா இடத்திலும் அவர் காணப்பட்டார். மண்டபங்களில் தரை துடைக்கும் பெண்களுக்கு இது எல்லோரையும்விட முதலில் தெரியும். அந்தப் பாட்டு இருக்கிறதா என்று கேட்டு இரண்டு துணி கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். கலியாண வீடியோக்களில் இருந்து றெனோல்ட் வெட்டியெடுத்துச் சேர்த்த படங்கள் முந்நூறுக்கு மேல். முப்பத்தொரு வயதில் கடலுக்குப் போனவர் எல்லாப் படத்திலும் முப்பத்தொரு வயதிலேயே இருந்தார்.

அந்தப் படங்களை றெனோல்ட் மாக்கிரட்டுக்குக் காட்டினான். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து, சாரத்தின் கரையைக்கூட அடையாளம் சொன்னாள். “அக்கா, வீட்டிலை ஒருக்காப் பாட்டைப் போடுவமே? அண்ணை வருவார். உங்களைத்தானே தேடுறார்” என்றான் அவன்.

“போடாதை. என்ரை முன்னாலை இப்பிடி வந்து நிண்டா அவர் செத்திட்டார் எண்டுதான் அர்த்தம். வராட்டி, எங்கையோ இருக்கிறார். ஒப்பாரி முடியேல்லை. அப்ப அவரும் முடியேல்லை.”

அவளுடைய வீட்டில் அந்தப் பாட்டு ஒருநாளும் ஒலித்ததில்லை. வீட்டில் மட்டுமா, அவள் தெருவில் வந்தால் பெடியள் காரின் வானொலியை நிறுத்திவிடுவார்கள். வருடங்கள் போக, பாட்டு பழசாயிற்று. வேர்னா கிட்டன்ஸ் இறந்துபோனாள். மாக்கிரட்டின் வாய் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை திறந்தது, ஒரு பனிக்காலம் முழுக்கத் திறக்கவேயில்லை. அப்போது அவள் பயந்துபோய், உலகத்தில் எங்காவது யாராவது போடமாட்டார்களா என்று ஏங்கியதாகப் பின்னால் மகளிடம் சொன்னாள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு ஜூன் மாதத்தில், எங்கோ ஒரு பெண் பிள்ளை லொரேன் பாட்டின் கடைசித் துண்டை வைத்து, தலைமுடி பின்னும் காட்சி ஒன்றைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டாள். ஒரு வாரத்தில் நாற்பது லட்சம் பேர் அதே துண்டுக்குத் தங்கள் காட்சிகளைப் போட்டார்கள். எல்லாக் காட்சியிலும் பின்னாலிருக்கும் வாசலில் நனைந்த மனிதர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். அது செயலியில் உள்ள வேடிக்கை என்று எல்லோரும் நம்பினார்கள். மாக்கிரட்டின் வாய் மூடவில்லை. ஒரு கவளம் சோறு வைக்க இடைவெளி இல்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மூக்கால் குழாய் விட்டுப் பால் இறக்கினார்கள். இரண்டாம் வாரத்தில் அவளுடைய ஒரே தொண்டையிலிருந்து பல குரல்கள் வரத் தொடங்கின. ஒன்று தொடங்க ஒன்று முடிய, எல்லாம் அவளுடைய குரல், கோயில் பாடகர் குழுவைப்போல. முதலில் பக்கத்துக் கட்டில் நோயாளிகள் அழகாயிருக்கிறது என்றார்கள். பிறகு கட்டிலை மாற்றித் தரச் சொன்னார்கள். உதடு வெடித்து, பதினொரு கிலோ குறைந்து, இருபதாம் நாள் வைத்தியர் ஜென்சியைக் கூப்பிட்டு, இதயம் இன்னும் ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றார்.

ஜென்சிக்கு அப்போது முப்பத்தேழு வயது. சிறுபிள்ளைகளைப் பார்க்கும் கார்டெரி ஒன்றில் வேலை. பிரெஞ்சு தண்ணீர்பட்டபாடு, தமிழ் தட்டித் தடவித்தான் வரும். ஒப்பாரி என்ற சொல்லையே அவள் அந்த வாரத்தில்தான் றெனோல்டிடம் கேட்டறிந்தாள். அவன் எல்லாவற்றையும் விளக்கி, பிடிக்க வேண்டிய கையையும் சொல்ல வேண்டிய வார்த்தையையும் சொன்னான். நாங்கள் ஏற்கெனவே பிடித்துப் பார்த்தோம், கோயில் பெண்கள் மாறி மாறிப் பிடித்தார்கள், சரிவரவில்லை என்றான். வாயில் வருவது இசைத்தட்டில் உள்ள நாற்பத்தொரு விநாடிதான், அதற்கு முடிவே கிடையாது. குமிழைத் திருகியதற்குப் பிறகும் அவள் அழுதிருப்பாள். அந்த மிச்சம் இருக்கிற நாடா வேண்டும். றெனோல்ட் கஸ்தோனைத் தேடிப் பிடித்தான். எண்பத்தொரு வயதில் அவர் இல்-பிசார் தீவில், நிலக்கீழ் அறை நிறைய நாடாக்களோடு தனியாக இருந்தார்.

மாக்கிரட் பேச முடியாததால் காகிதத்தில் எழுதினாள்: வேண்டாம். இன்னொரு தடவை, அழுத்தி: வேண்டாம். ஜென்சி அதை வாசித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். “அம்மா, அப்பாவை நான் காணவே இல்லை. நீங்களும் போனா எனக்கு ரெண்டு பேரும் இல்லை” என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாக்கிரட் வாய் பாடிக்கொண்டிருக்க மகளைப் பார்த்தாள். பிறகு எழுந்து தானாகவே செருப்பைத் தேடினாள்.

ஜூலை மாதத்துப் பிற்பகல், நல்ல வெயில். மூன்று பேரும் கஸ்தோனின் நிலக்கீழ் அறைக்குப் படியிறங்கிப் போனார்கள். கஸ்தோன் நாடாவை எட்டு மணிநேரம் பழம் உலர்த்தும் பெட்டியில் வைத்துச் சூடாக்கியிருந்தார். பழைய நாடாக்கள் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும், சூடு காட்டாவிட்டால் உரிந்துவிடும். மிச்சத்தில் பதின்மூன்று நிமிடம் இருக்கிறது, எண்பத்தெட்டில் ஒருமுறை கேட்டேன், அதற்குப் பிறகு கேட்கத் துணிவில்லை, குமிழைத் திருகியது பாட்டுக்காக அல்ல, பயத்தில்தான் என்று அவர் பிரெஞ்சில் சொல்ல, ஜென்சி தாய்க்கு அதைத் தமிழில் சொன்னாள். நாடா ஓடியது. வேர்னாவின் குரல் வந்து போயிற்று. நாற்பத்தொரு விநாடிகள் நாடாவும் மாக்கிரட்டின் வாயும் சேர்ந்து பாடின. நாற்பத்திரண்டாவது விநாடியில் அவள் வாய் மூடியது. இருபத்துமூன்று நாளுக்குப் பிறகு அவள் எச்சில் விழுங்கினாள். நாடாவில் இருபத்தேழு வயது மாக்கிரட் தனியாக அழுதுகொண்டே போனாள். குரல் தணிந்திருந்ததால் இப்போது சொற்கள் தெளிவாகக் கேட்டன.

முதலில் படிகளில் தண்ணீர் இறங்கி வந்தது. பிறகு வெறுங்கால்கள். அருமைநாதன் கீழே வந்து, கஸ்தோனைக் கடந்து, றெனோல்டைக் கடந்து, ஜென்சியின் முன்னால் நின்று குனிந்து முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “மாக்கிரட்” என்றார். முப்பத்தாறு வருடம் அவர் தேடியது அந்த முகத்தைத்தான். பேசாலையில் அவர் வழியனுப்பிய முகம் அப்படித்தான் இருந்தது. ஜென்சி அவரைவிட ஆறு வயது மூத்தவளாக நின்றுகொண்டு, “நான் இல்லை, அப்பா” என்று கதிரையில் இருந்த கிழவியைக் காட்டினாள். அவர் திரும்பினார். நரைத்த தலையையும் வெடித்த உதட்டையும் அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு சாரத்தை ஒதுக்கிக்கொண்டு கதிரையின் காலடியில் குந்தினார்.

நாடாவில் ஒப்பாரி புருஷனைப் பற்றிய புகழெல்லாம் தீர்ந்து, வேறு பக்கம் திரும்பியது. நான் எழுதினேனே, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தி எப்பாடுபட்டாவது வா என்று எழுதினேனே, இந்தக் கையால்தானே எழுதினேன், நான் கூப்பிட்டுத்தானே இறங்கினாய் என்று அந்தக் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. இந்தியாவுக்குக் கடந்து அங்கிருந்து விமானம் ஏறுவதற்காகவே அவர் கடலில் இறங்கினார் என்று மாக்கிரட் நம்பியிருந்தாள். இதை யாருக்கும் சொன்னதில்லை, சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட. லொரேன் பாட்டின் பின்னாலிருந்த கதை இதுதான். கதிரையில் அவள் தலை குனிந்திருந்தாள்.

அருமைநாதன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “என்ன கடிதம்? எனக்கு ஒரு கடிதமும் வரேல்லையே” என்றார். “நெத்தலி படுது எண்டாங்கள். வலையோடைதான் போனனான்.”

“பொய் சொல்லாதையுங்கோ” என்றாள் மாக்கிரட். அந்த இருபத்துமூன்று நாளில் அவளுடைய வாய் அவளுக்காகச் சொன்ன முதல் சொல் அது.

“சத்தியமா” என்றார் அவர், மூக்கைச் சொறிந்துகொண்டு. பேசாலைக்காரர் சிலர் அவர் பொய் சொன்னால் மூக்கைச் சொறிவார் என்கிறார்கள். வேறு சிலர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் யாருக்கும் கடிக்கும் என்கிறார்கள். மாக்கிரட் அவரை வடிவாகப் பார்த்தாள், பிறகு அழுதாள், சத்தமில்லாமல், ஒரு சாதாரண மனுசி அழுவதுபோல. ஜென்சி தாயின் கையைத் தன் இடது கையால் பிடித்தாள். ஜென்சியின் வலது கையை அருமைநாதன் தானாக எடுத்துப் பிடித்துக்கொண்டார். பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் சொல்லாமல் இருந்தால் அவர் இருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் இரண்டு நிமிடம் சொல்லாமல் இருந்தாள். பிறகு, றெனோல்ட் சொல்லித் தந்தபடி, உச்சரிப்புப் பிழையோடு, “போதும் அம்மா, ஆண்டவரிட்டை விடுங்கோ” என்றாள். நாடாவில் இருந்த குரல் மூச்சை இழுத்து நின்றது. பதின்மூன்று நிமிடமாக இருந்த ஒப்பாரி இப்போது பதினொரு நிமிடம்தான். கஸ்தோன் இரண்டு தடவை அளந்து பார்த்தார்.

அருமைநாதன் படியேறிப் போனார். கோடையில் தீவிலிருந்து லவாலுக்குக் கார்கள் ஏற்றிப் போகும் சிறு படகில், வெறுங்காலோடு ஒருவர் ஏறியதாகவும் அக்கரையில் இறங்கும்போது ஓர் ஆள் குறைந்ததாகவும் படகுக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மண்டபத்திலும் எந்தக் காட்சியிலும் அவரைக் கண்டவர் இல்லை. அன்று மாலையே, உலகத்தில் உள்ள லொரேன் பாட்டின் ஒவ்வொரு பிரதியிலும் கடைசி நாற்பத்தொரு விநாடிகள் வெறுமையாகிவிட்டன. இசைத்தட்டிலும் அப்படியே, கைப்பேசியிலும் அப்படியே. விமர்சகர் ஒருவர் அந்த மௌனத்தை அக்காலத்தின் துணிச்சலான முடிவு என்று எழுதினார். றெனோல்ட் தன் நிகழ்ச்சியில் முதல் தடவையாக ஓர் உண்மைக் கதையைச் சொன்னான். மூன்று தொலைபேசி அழைப்பு வந்தது. இரண்டு பேர் வேறு பாட்டுக் கேட்டார்கள். மாக்கிரட் ஒன்பது கிலோ ஏறி, இப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் விடமாட்டாள்.

ஜென்சியின் வலது உள்ளங்கை மட்டும் அன்றிலிருந்து காயவில்லை. துடைத்தால் மறுபடியும் ஊறும், உப்புத் தண்ணீர். தோல் வைத்தியர் இரண்டு மாதம் களிம்பு பூசச் சொல்லிவிட்டு, கடைசியில் துவாய் ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அவள் சட்டைப்பையில் சின்னத் துவாய் வைத்திருக்கிறாள். எழுதுவதற்கு இடது கை பழகிவிட்டது. கார்டெரிப் பிள்ளைகள் வெயில் நாட்களில் அந்தக் கையைப் பிடிக்கச் சண்டை போடுவார்கள். ஏன் ஈரம் என்று கேட்டால், “அது அப்பா” என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குச் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடுகிறாள்.